செம்மங்குப்பம் விபத்து: பத்தாயிரம் என்ற கணக்கு எல்லைப் பகுதிக்குப் பொருந்துமா?

சக்குபள்ளம்: இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. கேரளத்தில் ரயில் எட்டாத மாவட்டங்கள் இரண்டு; மற்றொன்று வயநாடு. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பகுதிகளில் வாழும் தமிழர்கள் சொந்த ஊருக்கோ சென்னைக்கோ ரயிலில் செல்ல வேண்டுமானால், மலையிறங்கித் தேனிக்கோ போடிநாயக்கனூருக்கோ வர வேண்டும். எனவே கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு ரயில்வே கேட் விபத்து இவர்களுக்குத் தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அதன் பிறகு ரயில்வே அமைச்சகம் எடுத்த முடிவுகளில் ஒன்று, ரயில்கள் குறைவாக ஓடும் மதுரை–போடி போன்ற பாதைகளை நேரடியாகத் தொடுகிறது.

2025 ஜூலை 8 அன்று காலை, பள்ளி செல்லும் நேரத்தில், கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் தண்டவாளத்தைக் கடந்த தனியார் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அது ஆளில்லாத கேட் அல்ல. கேட் கீப்பர் பணியில் இருந்த கேட். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால்தான் கேட்டை மூடாமல் வழிவிடப்பட்டது என்று ரயில்வே முதலில் கூறியது. வேன் தரப்பு அதை மறுத்தது. கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைது செய்யப்பட்டார். கேட் மூடப்படாத நிலையிலேயே, மூடிவிட்டதாக நிலைய அதிகாரிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட்டது விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் வெளியாயின.

இந்த விவகாரத்தின் முடிச்சு அந்தத் தொலைபேசித் தகவலில்தான் இருக்கிறது. ஆளுள்ள ரயில்வே கேட்டுகள் அனைத்தும் ஒரே வகையானவை என்று பொதுமக்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை இரு வகை. முதல் வகையில் கேட்டும் சிக்னலும் பிணைக்கப்பட்டிருக்கும். இண்டர்லாக்கிங் என்று இதைச் சொல்வர். கேட் கீப்பர் கைப்பிடியைச் சுழற்றித் தடுப்புக் கம்பத்தை இறக்கி, அது பூட்டிக்கொண்ட பிறகே, ரயிலுக்கான சிக்னலைப் பச்சைக்கு மாற்ற முடியும். கம்பம் மேலே இருக்கும்வரை சிக்னல் சிவப்பாகவே நிற்கும். யார் எத்தனை அவசரப்படுத்தினாலும், யார் தூங்கினாலும், யார் பொய் சொன்னாலும் பச்சை விழாது. கேட்டைக் காக்கும் சிக்னல் சிவப்பாக இருந்தால் லோகோ பைலட் வண்டியை நிறுத்த வேண்டும். பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருந்து, பிறகும் மாறாவிட்டால், ஒலி எழுப்பியபடி ஊர்ந்து வந்து, கேட் மூடியிருப்பதை உறுதிசெய்த பிறகே கடக்கலாம்.

இரண்டாவது வகையில் இத்தகைய பிணைப்பு இல்லை. நிலைய அதிகாரி கேட் கீப்பரைத் தொலைபேசியில் அழைத்து, இன்ன ரயில் வருகிறது என்று சொல்வார். கேட்டை மூடிவிட்டு, தன்னிடமுள்ள தாளில் அடுத்ததாக இருக்கும் ரகசிய எண்ணைக் கேட் கீப்பர் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொண்ட பின் நிலைய அதிகாரி ரயிலை அனுப்புவார். எண் சொல்லப்பட்டது என்பதற்கு ஆவணம் உண்டு. கம்பம் இறங்கியது என்பதற்கு எந்தச் சான்றும் நிலையத்தில் இராது. செம்மங்குப்பம் கேட் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

வாய்மொழியை நம்பி வண்டி ஓட்டுவதன் ஆபத்து தென் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 2019 மே மாதம் மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே தடத்தில் இரண்டு ரயில்கள் செல்லும் நிலை ஏற்பட்டது. இரு நிலைய அதிகாரிகளிடையே நடந்த உரையாடலை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதே காரணமாகக் கூறப்பட்டது. மொழிப் பிரச்சினையும் அப்போது பேசப்பட்டது. அடுத்த மாதமே, நிலைய அதிகாரிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும் என்று தெற்கு ரயில்வேயிலிருந்து சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. செம்மங்குப்பத்திலும் கேட் கீப்பர் வெளிமாநிலத்தவர் என்பது உடனடியாக விவாதமானது. உள்ளூர் மொழி தெரிந்தவரைக் கேட்டில் அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. சாலையில் நிற்பவரோடு பேச வேண்டியவர் அவர். ஆயினும் தமிழில் சொல்லப்பட்ட பொய்யும் பொய்தான். பூட்டு இருந்திருந்தால் எந்த மொழியில் என்ன சொல்லப்பட்டது என்ற கேள்வியே எழுந்திராது.

விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பல உத்தரவுகளைப் பிறப்பித்தார். எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா, பிணைப்பில்லாக் கேட்டுகளின் தொலைபேசிக் குரல் பதிவுகளை நாள்தோறும் சரிபார்த்தல், வேகத்தடை மற்றும் எச்சரிக்கைப் பலகைகளைச் சீராக்குதல், 15 நாள் சிறப்பு ஆய்வு ஆகியவை அவற்றில் சில. கேமராவும் குரல் பதிவும் நடந்ததை நடந்த பிறகு காட்டுபவை. விபத்தைத் தடுக்கும் தன்மையுள்ள உத்தரவு ஒன்றுதான்: இண்டர்லாக்கிங் செய்வதற்கான போக்குவரத்து வரம்பு 20,000 அலகிலிருந்து 10,000 அலகாகக் குறைக்கப்பட்டது.

இந்த அலகு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கேட்டை ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். லாரி, பேருந்து, கார், மாட்டு வண்டி ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஆட்டோ அரை அலகு. பதினைந்து ரயில்களும் எழுநூறு வாகனங்களும் கடந்தால் 10,500. பழைய வரம்பில் அந்தக் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. புதிய வரம்பில் கிடைக்கும். இந்த அளவில் இது முன்னேற்றமே.

ஆனால் கணக்கின் இயல்பைக் கவனியுங்கள். முப்பது பிள்ளைகள் அமர்ந்த பள்ளி வேனும், சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியும் இதில் சமம். ரயில்கள் குறைவாக ஓடும் பாதையில், வாகனங்கள் எவ்வளவு பெருகினாலும் பெருக்குத்தொகை எளிதில் உயராது. மதுரை–போடிநாயக்கனூர் பாதையை எடுத்துக்கொள்வோம். 2010 இறுதியில் மீட்டர் கேஜ் ரயில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதைப் பணி பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போய், தேனி வரை 2022 மே 26 அன்றும், போடி வரை 2023 ஜூன் 15 அன்றும் ரயில் திரும்ப வந்தது. மதுரை–போடி முன்பதிவில்லா ரயில், வாரம் மூன்று நாள் சென்னை விரைவு ரயில் என்று சில வண்டிகளை வைத்தே சேவை தொடங்கியது. ஒரு நாளில் நான்கு ரயில்கள் கடக்கும் கிராமக் கேட் 10,000 அலகை எட்ட, நாளொன்றுக்கு 2,500 வாகனங்கள் கடந்தாக வேண்டும். தேனி நகரக் கேட்டுகளில் அது நடக்கும். கேட் மூடினால் மதுரை சாலையும் பெரியகுளம் சாலையும் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஐயமிராது. தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையிலுள்ள சிறு சாலையில் அது நடக்காது.

ரயில் குறைவு என்றால் ஆபத்தும் குறைவுதானே என்று கேட்கலாம். கணக்கின்படி சரி; பழக்கத்தின்படி அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் இடத்தில் கேட்டைக் கண்டதும் எவரும் தயங்குவார்கள். பகல் முழுவதும் ரயிலே வராத இடத்தில் தயக்கம் மறைந்துவிடும், ஓட்டுநருக்கும் சரி, கேட் அறையில் தனியாக அமர்ந்திருப்பவருக்கும் சரி. தேனிப் பகுதியில் இன்னொன்றும் சேர்கிறது. இங்கே பதினோராண்டுக்கும் மேலாக ரயிலே ஓடவில்லை. அந்த இடைவெளியில் வண்டியோட்டக் கற்ற ஒரு தலைமுறைக்கு, இந்தப் பாதையில் நின்று பார்க்கும் பழக்கம் உருவாக வாய்ப்பே இருக்கவில்லை.

அகலப்பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 ஜனவரி இறுதிக்குள் ஒழிக்கப்பட்டன. 2014இல் தெலங்கானாவின் மாசாய்ப்பேட்டையிலும், 2018இல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரிலும் பள்ளி வாகனங்கள் ரயிலில் சிக்கின. குஷிநகரில் மட்டும் 13 குழந்தைகள் மாண்டனர். அந்த அதிர்ச்சியே ஆளில்லாக் கேட் ஒழிப்பை வேகப்படுத்தியது. ஆனால் அதற்கு முன்பே, அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு 2012இல் இன்னும் கடுமையான பரிந்துரையைச் செய்திருந்தது. ஆளுள்ளவை, ஆளில்லாதவை என்ற பேதமின்றி அனைத்துக் கேட்டுகளையும் ஐந்தாண்டுகளில் அகற்ற வேண்டும் என்றது அக்குழு. அதற்கு 50,000 கோடி ரூபாய் ஆகும் என்றும் மதிப்பிட்டது. பரிந்துரையின் முதல் பாதிதான் நிறைவேறியது. ஆளில்லாத கேட்டில் ஆளை அமர்த்தியதும் பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்கு முடிக்கப்பட்டது.

கேட்டை அடியோடு அகற்ற மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வேண்டும். மேம்பாலத்துக்கு ரயில்வேயும் மாநிலமும் பாதிக்குப் பாதி செலவைப் பகிர, ஒரு லட்சம் அலகு போக்குவரத்து இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. சிற்றூர்களுக்கு அது எட்டாது. அவற்றுக்குக் கிடைப்பது உயரம் குறைந்த சுரங்கப்பாதை. செம்மங்குப்பத்தில் சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் தந்தும் ஓராண்டாக மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கவில்லை என்று தெற்கு ரயில்வே விபத்தன்றே அறிக்கை விட்டது. மாவட்ட நிர்வாகம் அதை மறுத்தது. மூன்று பிள்ளைகளின் உடல்கள் மருத்துவமனையில் இருந்தபோது இந்த வாக்குவாதம் நடந்தது என்பதை மறக்க இயலவில்லை.

எனினும் சுரங்கப்பாதை என்றதும் கிராம மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், மழைநீர் நிரம்பிய ரயில்வே சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். வடிகாலும் மோட்டாரும் இல்லாமல் பள்ளம் தோண்டி, அதன் மேல் ரயிலை விடுவதைப் பாதுகாப்பு என்று அழைப்பது கடினம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மலையடிவாரத்தில் இது வெறும் பொறியியல் குறிப்பு அல்ல. தண்ணீர் நிற்கும் மாதங்களில் விளைபொருள் ஏற்றிய வாகனம் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். பள்ளி வேனும் அப்படியே.

ஆகவே இடைக்காலத் தீர்வாக எஞ்சுவது பூட்டுதான். அதற்கும் ரயில் இயக்கத் தரப்பில் தயக்கம் உண்டு. பிணைக்கப்பட்ட கேட்டில், கம்பத்தின் கீழ் ஒரு டிராக்டர் சிக்கிக்கொண்டால் சிக்னல் விழாது, ரயில் நிற்கும், கால அட்டவணை குலையும். சாலையில் செல்பவருக்கும் காத்திருப்பு நீளும். கேட் கீப்பரைத் திட்டி, கம்பத்தை உயர்த்தச் சொல்லும் கூட்டமும் பெருகும். ரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி மூடிய கேட்டைத் திறப்பதும் உடைப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனாலும் அத்துவானக் கேட்டில் பன்னிரண்டு மணி நேரப் பணியில் தனித்திருக்கும் ஒருவருக்கு அந்தச் சட்டம் எந்த அளவு துணை நிற்கும்? எட்டு மணி நேரப் பணி வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றன. தாமதத்தின் பழியைக் கேட் கீப்பர் மீது சுமத்தாமல் இருப்பதும் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று என்று ரயில்வே கருத வேண்டும்.

எல்லைப் பகுதி மக்கள் இப்போது கேட்க வேண்டியது பெரிய திட்டம் எதையும் அல்ல. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அது வரும்போது வரட்டும். ஏற்கெனவே ஓடும் பாதையில், எந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்பட்டது, எது தொலைபேசியை நம்பி இயங்குவது என்பதைக் கேட்டிலேயே பலகையாக எழுதி வைக்கலாம். பள்ளி நிர்வாகங்களும் ஜீப் ஓட்டுநர்களும் அதைப் பார்த்து வழியைத் தேர்ந்துகொள்வார்கள்.

அடுத்தது கணக்கெடுப்பு. வாகனங்களை எண்ணும் பணி பொதுவாக மூன்றாண்டுக்கு ஒரு முறை, ஒரு வார காலம் நடக்கிறது. இந்தப் பகுதியின் போக்குவரத்தோ ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஏலக்காய் பறிப்புக் காலத்தில் விடியும் முன்பே தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை செல்லும் வாகனங்கள் தேனி வழியே குமுளியை நோக்கி அணிவகுக்கும். நெரிசல் மிகுந்தால் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடப்படும். தை மாதத்துக்குப் பின் சாலை மீண்டும் ஓய்ந்துவிடும். பறிப்பு முடிந்து, யாத்திரையும் முடிந்த ஒரு வாரத்தில் எண்ணினால் 10,000 அலகைத் தொடாத கேட், மார்கழியில் எண்ணினால் தொடக்கூடும். எந்த வாரத்தில் எண்ணுவது என்பதே முக்கியம். தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத விரும்பும் ஊராட்சிகள் அந்த ஒரு தேதியைக் கேட்டு எழுதலாம்.