வெயில் இருக்கு... சூடு எங்கே போகுது? சுருளிப்பட்டி திராட்சையும் சோலார் டிரையர் கணக்கும்!

தேனி மாவட்டம் சுருளிப்பட்டி உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கு கிராமங்களில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே ஆண்டு முழுக்க அறுவடை உண்டு. ஆனால், பறித்த பழம் சில நாள்தான் தாங்கும். விலை இறங்கினாலும் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும்.

காயவைத்து விற்பது ஒரு மாற்று வழி. விதையுள்ள ரகம் என்பதால், விதையில்லாத உலர் திராட்சையோடு போட்டி போட வேண்டும். அதனால் உலர்த்தும் செலவும் நேரமும் குறைவது முக்கியம்.

கணக்கு என்ன?

100 கிலோ திராட்சையில் சுமார் 80 கிலோ தண்ணீர்தான். உலர் திராட்சையாக மாற, அதில் ஏறக்குறைய 76 கிலோ ஆவியாக வேண்டும். அதற்குக் குறைந்தது 50 யூனிட் வெப்பம் தேவை.

நல்ல வெயில் நாளில் 10 சதுர மீட்டர் சேகரிப்பான் மீது விழும் ஆற்றலும் சுமார் 50 யூனிட்தான். அதில் 30 சதவீதம் மட்டும் பயன்பட்டால் 3 நாளுக்கு மேல் ஆகும். 50 சதவீதம் பயன்பட்டால் 2 நாள். டிரையருக்குள் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் கூடும். இடையில் மழை மேகம் திரண்டால் பழத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்த ஒரு நாளில்தான் லாபமும் நஷ்டமும்!

சூடு எங்கே போகுது?

சாதாரண கருப்பு பெயின்டே வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடும். அதைப் பிடித்து வைப்பதில்தான் சிக்கல். தகடு எவ்வளவு அதிகம் சூடாகிறதோ, அவ்வளவு வெப்பம் கண்ணாடி, அடிப்பக்கம், ஓரங்கள் வழியாக வெளியேறும்.

என்ன செய்யலாம்?

* சின்ன ஃபேன் வைத்து காற்றை வேகமாக ஓட்டினால், சூடு தகட்டில் தங்காமல் பழத்துக்குப் போகும்.
* தட்டைத் தகட்டுக்குப் பதில் நெளித்தகடு போட்டால், காற்று படும் பரப்பு கூடும்.
* அடியிலும் ஓரத்திலும் கிளாஸ் வூல் வைத்து, இடுக்குகளை அடைக்க வேண்டும்.
* தெற்கு நோக்கி, சுமார் 10 டிகிரி சாய்வில் வைக்கலாம். கண்ணாடியில் தூசி படியாமல் துடைக்க வேண்டும்.
* வெப்பத்தை வெளியே விடாத 'செலக்டிவ் கோட்டிங்' தகடுகள் சோலார் வாட்டர் ஹீட்டர்களில் உண்டு. திராட்சைக்கு 60 டிகிரி அளவே போதும் என்பதால், இந்தச் செலவு கட்டாயமில்லை.

சூரிய கூடார உலர்த்திகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. எதை வாங்கினாலும், எத்தனை டிகிரி சூடாகும் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை கிலோ தண்ணீரை வெளியேற்றும் என்றும் கேட்டுவிடுங்கள்.