ரோடு யாரூட்டுது?

சைக்கிளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கு இருக்கிறது.

எங்க ஊர் தாராபுரம் பக்கம். எங்கப்பன் பண்ணையத்துக்கு இருந்தவர். 1983ல் என் அண்ணன் கூலிக்காசு சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். எங்க வளவிலிருந்து பஸ் போகிற ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்து, தள்ளிக்கொண்டே போய் அந்தப்பக்கம் ஏறவேண்டும். மழை தூறிய ஒருநாள் இறங்காமல் மிதித்துவிட்டான். "எறங்குடா! ரோடு உங்கப்பனூட்டுதா?" அடித்தார்கள், ரெண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாள் எங்கப்பன்தான் போய் நின்றார். "தெரியாமப் பண்ணிப்போட்டானுங்க சாமி." தெரியாமலா செய்தான்?

அரசமைப்புச் சட்டத்தின் 15(2), கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. அதற்கும் முன்னால், 1924ல், பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். 1893ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். நாம் நடந்துபோவதைவிட உட்கார்ந்து போவதுதான் சாதி இந்துவின் கண்ணை உறுத்துகிறது. அவன் நிற்கும்போது நம் தலை அவன் தலைக்கு மேலே போய்விடுகிறது அல்லவா! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதிச் சேர்க்க 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல்தான் அது அமல்.

நான் 1987ல் திருப்பூர் வந்தேன். வேலம்பாளையத்தில் லைன் வீடு. பனியன் கம்பெனியில் முதலில் கைமடி, பிறகு ஓவர்லாக். மணிக்கு எட்டணா வாடகையில் சைக்கிள் எடுத்து, அவிநாசி ரோட்டில் புஷ்பா தியேட்டர் வரைக்கும் சும்மா மிதித்துப் போய்த் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது. வேலை ஒன்றுமில்லை. இறங்காமல் போகமுடிகிறதா என்று பார்க்கத்தான். காலை எட்டுமணிக்கு ரோடு முழுக்கச் சைக்கிள், தூக்குப்போசி ஆடிக்கொண்டே போகும். பஸ்காரன் நமக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வருவான். லைன் வீடு பேசும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். ரோட்டில் யாரும் கேட்கவில்லை. நகரம் எனக்குத் தந்தது இது ஒன்றுதான் என்றாலும் அது சின்ன விஷயமில்லை.

அந்த ரோடு இப்போது இல்லை. அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, எதில் வேண்டுமானாலும் சாயங்காலம் நின்று பாருங்கள். கார், கம்பெனி வேன், பீஸ் மூட்டை ஏற்றிய வண்டி. ஓரத்தில் போகலாம் என்றால் ஓரம் முழுக்க நிறுத்திவைத்த கார். சைக்கிள் நடுவுக்கு வந்தே ஆகவேண்டும். வந்தால் ஆரன், ஆரனுக்குப் பிறகு வசவு. வாகனங்களை அல்ல, மனிதர்களைக் கொண்டுசெல்வதே முக்கியம் என்று மத்திய அரசின் நகரப் போக்குவரத்துக் கொள்கை 2006லேயே சொன்னது. திருப்பூரை 2017ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தார்கள். நான் போய்வருகிற ரோடுகளில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

செக்கிங்கில் என்னோடு இருந்த ஒருவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி மிதித்துப் போனபோது கார் அடித்துப்போட்டுப் போய்விட்டது. "சைக்கிள்காரன் குறுக்க வந்திருப்பான்" என்றார்கள், பார்க்காதவர்களும். இடித்த வண்டி தெரியாவிட்டாலும் 2022 ஏப்ரல் 1க்குப் பிந்தைய விபத்தில் சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ தாலுகா ஆபீசிலோ மனுக் கொடுக்கவேண்டும். நம் ஜனங்களில் எத்தனைபேருக்கு இது தெரியும்? அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது என்னிடம் டிவிஎஸ் எக்ஸெல் இருக்கிறது. சைக்கிள் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. மூன்றுபேர் காசு போட்டுப் பழசு ஒன்று வாங்குகிறார்கள். போன தீபாவளிக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, சம்பள நேரத்து நெரிசல். முன்னால் ஒரு பையன் சைக்கிளில் தடுமாறிக்கொண்டே போனான். ஆரன் அடித்தேன். அவன் விலகவில்லை. விலக இடமும் இல்லை. "எறங்கித் தள்ளிட்டுப் போடா, ரோடு உங்கப்பனூட்டுதா?" என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, சொன்னவிதம் புரிந்துவிட்டது. இறங்கினான். அவனோடு பேசவேண்டும் என்று வண்டியை நிறுத்தினேன். அதற்குள் தள்ளிக்கொண்டே சந்துக்குள் போய்விட்டான். அவன் என்ன சாதியோ எனக்குத் தெரியாது. நம்மவனாகவும் இருக்கலாம்.

பஞ்சப்படிக்கும் போனசுக்கும் கொடிபிடிக்கிற நம் சங்கங்கள் இந்த ரோட்டுக்கும் பிடிக்கவேண்டும். கம்பெனிகள் இருக்கிற ரோடுகளில் சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும், அதில் கார் நிறுத்தக்கூடாது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் லாரியை நிறுத்திவைக்கட்டும். மாநகராட்சிக்கு மனு ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள், தமிழ் தெரியாத சைக்கிள்காரர் ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள். மனுவை இந்தியில் படித்துச்சொல்ல ஒரு பெண் ஒத்துக்கொண்டிருக்கிறார்.