ஊசியும் பிள்ளையும் உம்மாவின் மடியும்



கல்முனைப் பக்கத்து உம்மா ஒருவர் தன் ஆறு வயது மகனைப் பற்றிச் சொன்னார். பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய். முதன்முறை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகையில் அழுவானே என்று பயந்து, "கொழும்பு பார்க்கப் போறம் மகன், ஊசியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டார். போனதும் இரத்தம் எடுத்தார்கள். பிறகு முதுகிலும் ஊசி போட்டார்கள். அதன்பின் கொழும்பு பஸ்ஸைக் கண்டாலே பிள்ளை அலறத் தொடங்கினான். "நீங்க பொய்தானே சொன்ன உம்மா" என்று அவன் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது என்றார்.

பிள்ளைகளின் புற்றுநோய்க்கு நம்மவர்கள் பலர் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கே செல்கிறோம். மஹரகமவும் கல்முனையும் ஒரே ஏ4 வீதியில்தான் இருக்கின்றன. ஆனால் இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருடங்கள் சிகிச்சை தேவை. முறையாகச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகளைக் குணப்படுத்தலாம். ஊசிப் பயத்தால் ஒரு தவணையும் தவறிவிடக் கூடாது.

விறைப்பு மருந்தும் மயக்க மருந்தும் வைத்தியரின் வேலை. "பிள்ளைக்கு வலி குறைய ஏதும் தருவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அவற்றோடு சேர்த்து, மருந்தில்லாமல் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. கவனத்தைத் திருப்புவதும் மூச்சை ஊதச் செய்வதும் ஊசியின் வலியையோ பயத்தையோ குறைக்க உதவும் என்று, 59 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2018ஆம் ஆண்டில் கூறியது.

உண்மையைச் சொல்லுங்கள். "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "சுருக்கென்று குத்தும், கொஞ்சத்தில் போயிடும், உம்மா பக்கத்தில இருப்பன்" என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சற்று முன்பும், பெரிய பிள்ளைக்கு முதல் நாளும் சொன்னால் போதும்.

அணைத்துப் பிடியுங்கள். கையில் ஊசி என்றால், தாதியிடம் கேட்டு மடியில் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து நாலு பேர் அமுக்கினால் பயம் கூடும். முதுகில் ஊசி என்றால் பிள்ளை சுருண்டு அசையாமல் படுக்க வேண்டும். அப்போது தலைமாட்டில் நின்று முகம் பார்த்துப் பேசுங்கள்.

ஊதச் சொல்லுங்கள். தென்னோலைக் காற்றாடியை மெதுவாக, நீளமாக ஊதட்டும்.

மனதை வேறிடம் அனுப்புங்கள். கரைவலை இழுக்கும் கதை சொல்லலாம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் இழுவை. "வலை மடிக்குள்ள என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். போனில் கார்ட்டூனும் உதவும்.

தெரிவைக் கொடுங்கள். ஊசி வேண்டுமா என்று கேட்காதீர்கள். எந்தக் கையில், எத்தனை எண்ணியதும் என்று கேளுங்கள்.

ஐஸ் வைப்பது, தடவிவிடுவது போன்றவற்றை வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்காமல் செய்யாதீர்கள். "ஆம்பிளப் பிள்ளை அழலாமா?" என்று வெட்கப்படுத்துவதும், வீட்டில் "குழப்படி செய்தா ஊசி போடுவாங்க" என்று மிரட்டுவதும் வேண்டாம்.

பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கிறது. யுத்தத்தைக் கண்ட நம்மில் சிலருக்கு வைத்தியசாலையின் வாடையே பழையதைக் கிளறும், கை நடுங்கும். அதில் குற்றமில்லை. அந்த நேரம் சாச்சியோ மூத்தம்மாவோ பிள்ளையைப் பிடிக்கட்டும்.

ஷெல் விழுந்த இரவுகளில் பிள்ளையை மடியில் அணைத்துக் காதுக்குள் கதை சொன்னவர்கள் நாம். அதே கைவைத்தியம்தான் இதுவும்.

அந்த உம்மா அடுத்த முறை பஸ் ஏறுமுன்பே, "ஊசி இருக்கு மகன்" என்றார். பிள்ளை அழுதான். ஆனாலும் எந்தக் கை என்று தானே காட்டினான்.