மனுஷனுக்கு ஒரு வில்லங்கச் சான்று

போன வருஷம் ஆம்பூர்ல எங்க தெருமுனை டீக்கடைக்கு ஒரு ஆள் வந்தார். டக்-இன் பண்ணின சட்டை, கையில ஒரு ஃபைல். டீயை வாங்கிக்கிட்டு மெதுவா என் நண்பன் பேரைச் சொல்லி, "வீடு எது? பையன் எப்படி? ஏற்கனவே கல்யாணம் கில்யாணம் ஏதாவது ஆகியிருக்கா?" என்று கேட்டிருக்கார்.

கடைக்கார பாய்க்கு உடனே விஷயம் புரிஞ்சு போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளையைப் பத்தி டீக்கடையிலயும் மளிகைக் கடையிலயும் விசாரிக்கிறது நம்ம ஊர்ல காலங்காலமா நடக்கிறதுதானே. "தங்கமான பையன் சார். சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டு இருக்கேன். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. கண்ணை மூடிட்டு பொண்ணு குடுங்க"ன்னு சொல்லி, டீக்குக் காசும் வாங்கலை. எதிர் வீட்டு ஆயா இன்னும் ஒரு படி மேல போய், "எம் பேத்திக்கே கேக்கலாம்னு இருந்தோம், நீங்க முந்திக்கிட்டீங்க"ன்னு வருத்தப்பட்டிருக்காங்க :-)

வந்தவர் பொண்ணு வீட்டுக்காரர் இல்லை. ஜெர்மன் தரப்புலேர்ந்து அனுப்பின வக்கீல். என் நண்பன் நிஜமாவே கல்யாணம் ஆகாதவன்தானான்னு நேர்ல விசாரிக்க வந்தவர்.

கதை இதுதான். நண்பன் இங்க ஒரு ஷூ ஃபேக்டரியில சாம்பிள் செக்‌ஷன்ல இருந்தான். அப்புறம் ஷூ டெக்னாலஜி படிக்க ஜெர்மனி போய், அங்கேயே வேலை, அங்கேயே ஒரு பொண்ணு. ரெண்டு பேருக்கும் பிடிச்சு, ரெண்டு வீட்டுலயும் சம்மதிச்சு (அது தனிப் பதிவு போடற அளவுக்குப் பெரிய கதை), கடைசியில சம்மதிக்காம நின்னது ரெண்டு அரசாங்கமும்தான்.

ஜெர்மனியில வெளிநாட்டுக்காரர் கல்யாணம் பண்ணிக்கணும்னா, 'இவர் கல்யாணம் பண்ணிக்கச் சட்டப்படி தடை இல்லை'ன்னு அவரோட சொந்த நாடு ஒரு சான்று தரணும். அவங்க சிவில் சட்டத்துல 1309-ஆவது பிரிவு. இந்தியா அப்படி ஒரு சான்று தர்றதில்லை. அதனால அங்கே இருக்கிற உயர் மாநில நீதிமன்றத்தோட தலைவர்கிட்ட விலக்கு வாங்கணும். விலக்கு வேணும்னா பிறப்புச் சான்று, மணமாகாதவர் சான்று, எல்லாத்துக்கும் சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து, அதுக்கு மேல ஆவணச் சரிபார்ப்பு.

பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தா பேர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆஸ்பத்திரியில பிறந்தப்போ 'ஆண் குழந்தை'ன்னு பதிவானதோட சரி. அப்புறம் யாரும் போய் பேரைச் சேர்க்கலை. விதிப்படி பேர் சேர்க்க 15 வருஷம்தான் கெடு. அரசு சிறப்பு அவகாசம் குடுத்த நேரமாப் பார்த்து நண்பனோட அப்பா நகராட்சிக்கு நடையா நடந்து சேர்த்தார். அடுத்தது இனிஷியல். பள்ளிச் சான்றிதழ்ல ஒத்தை எழுத்து, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா குடும்பப் பேர் கட்டத்துல. அங்கே இருக்கிற கிளார்க்குக்கு இது ரெண்டு வேற ஆளு. தமிழனுக்குக் குடும்பப் பேரே கிடையாதுங்கிறதை ஜெர்மன்ல எழுதிப் புரியவைக்கிறதுக்குள்ள நண்பனுக்கு ஜெர்மன் நல்லா வந்துருச்சு.

"அபோஸ்டில் வாங்கிட்டா போதுமே"ன்னு நானும் பெரிய மேதாவி மாதிரி யோசனை சொன்னேன். 1961 ஹேக் ஒப்பந்தப்படி, ஒரு நாட்டோட பத்திரத்துல அந்த நாடே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா மத்த உறுப்பு நாடுகள் தூதரக முத்திரை கேக்காம ஏத்துக்கணும். நம்ம நாட்டுக்கு 14-7-2005 முதல் அமல். ஆனா நாம சேர்ந்தப்போ ஜெர்மனி ஆட்சேபம் தெரிவிச்சது. ஆட்சேபம் தெரிவிச்ச நாட்டுக்கும் நமக்கும் இடையில ஒப்பந்தம் செல்லாது. அதான் ஸ்டிக்கருக்குப் பதிலா வக்கீல் வந்தார்.

சரி, நம்ம தூதரகத்துலயே கல்யாணம் பண்ணிக்கலாமே? 1969-ல போட்ட வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கு. ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தா போதும், நோட்டீஸ் குடுத்து 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருந்து, தூதரகத்துல இருக்கிற திருமண அதிகாரி முன்னால பண்ணிக்கலாம். ஆனா ஜெர்மன் சட்டம், இன்னொரு நாட்டு அதிகாரி நடத்துற கல்யாணத்தை ஏத்துக்கணும்னா மணமக்கள்ல ஒருத்தர்கூட ஜெர்மன் குடிமகனா இருக்கக்கூடாதுன்னு சொல்லுது. பொண்ணு ஜெர்மன். அந்தக் கதவும் மூடிச்சு.

இதையெல்லாம் கேட்டப்போ எனக்கு ரத்தம் கொதிச்சது. 'வெள்ளைக்காரனுக்கு நம்ம தாசில்தார் கையெழுத்து மேல நம்பிக்கை இல்லையா? ஷூ மட்டும் வேணுமா?'ன்னு சூடா ஒரு பதிவு எழுதி டிராஃப்ட்ல வெச்சிருந்தேன். அப்புறம் அந்த தாசில்தார் கையெழுத்து எப்படி வந்ததுன்னு விசாரிச்சேன். டிராஃப்டை அழிச்சுட்டேன்.

மணமாகாதவர் சான்று கொடுக்கிறது பதிவுத்துறை இல்லை, வருவாய்த்துறை. இ-சேவை மையத்துல அப்ளிகேஷன் போடணும். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியா தாலுகா ஆபீஸ் போகும். வி.ஏ.ஓ. எப்படி உறுதி பண்றார்? தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்துல கேட்பார். எங்க தெருவுல அவர் கேட்டது யாரைத் தெரியுமா? அதே டீக்கடை பாயைத்தான்!

அதாவது நம்ம அரசாங்கமும் பாயைக் கேட்டுத்தான் முத்திரை வெச்சது. ஜெர்மன்காரங்க முத்திரையைத் தாண்டி நேரா பாயைக் கேட்டுட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொல்றேன். ஒரு டேபிள்ல ஒரு பேரைத் தேடறோம், 'நோ ரெக்கார்ட்ஸ்'னு வருது. அதுக்கு அர்த்தம் உண்டா? அந்த டேபிள்ல எல்லா ரெக்கார்டும் ஏறியிருந்தா உண்டு. பாதிதான் ஏறியிருக்குன்னா அந்த ரிசல்ட்டை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம கல்யாணங்கள் கதை அதுதான். ஆம்பூர்லயே எடுத்துக்கங்க. நிக்காஹ் ஜமாத் தஃப்தர்ல இருக்கு. லுத்தரன் சர்ச் கல்யாணம் சர்ச் ரிஜிஸ்டர்ல இருக்கு. கோயில் கல்யாணம் தேவஸ்தான ரசீதுல இருக்கு. மண்டபத்துல நடந்தது ஆல்பத்துல இருக்கு. சார்பதிவாளர் ஆபீஸ்ல இருக்கிறது இதுல ஒரு பங்குதான். 'இந்த ஆள் பேர்ல கல்யாணம் எதுவும் பதிவாகலை'ன்னு மொத்தமாப் பார்த்துச் சொல்ல ஒரு இடம் கிடையாது.

அந்தப் பொண்ணு பக்கம் பாருங்க. ஜெர்மனியில 1876 ஜனவரியிலேர்ந்து நாடு முழுக்க சிவில் பதிவு. சர்ச்சுல என்ன பண்ணினாலும் பதிவு அலுவலகத்துல பண்ணினாத்தான் சட்டப்படி கல்யாணம். அவ 'கல்யாணம் ஆகாதவள்'னு ஒரு காகிதம் வாங்க ஒரே தடவை போய்ட்டு வந்தா. அவளைப் பத்தி எந்த டீக்கடையிலயும் யாரும் கேக்கலை.

நமக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. 1993-ல பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கிற ஐ.நா. உடன்படிக்கையை ஏத்துக்கிட்டப்போ, 'இவ்ளோ பெரிய நாட்டுல, இத்தனை மதம், வழக்கத்துக்கு நடுவுல கட்டாயத் திருமணப் பதிவு நடைமுறைக்கு ஆகாது'ங்கிற மாதிரி இந்தியா ஒரு குறிப்பு எழுதி வெச்சது. 2006 பிப்ரவரி 14 அன்னிக்கு (ஆமா, காதலர் தினம்தான்!) உச்ச நீதிமன்றம் எல்லா மதத்துக்காரங்களோட கல்யாணத்தையும் கட்டாயம் பதியணும்னு சொன்னது. தமிழ்நாட்டுல 2009-ல சட்டம் வந்தது. எந்த மதமா இருந்தாலும் 90 நாளைக்குள்ள பதியணும், தவறினா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள். பத்திரிகை அடிக்க மூணு மாசம், பிரியாணி மாஸ்டரை புக் பண்ண ஆறு மாசம் முன்னாடியே அலையறோம். பதியறதுக்கு? "விசாவுக்குக் கேட்டா அப்ப பாத்துக்கலாம்". என் சொந்த அண்ணனே அப்படித்தான் விட்டார், அதனால வீட்டுல திட்டு வாங்காம இதுக்கு மேல எழுத முடியாது.

இதே சார்பதிவாளர் ஆபீஸ்ல ரெண்டு சென்ட் நிலத்துக்கு 30 வருஷ வில்லங்கம் பார்க்க முடியுது. வீட்டுல உக்காந்து நெட்லயே பார்க்கலாம். ஏன்னா நிலத்தை வித்தா பத்திரம் பதியணும்னு 1908-லேர்ந்து சட்டம், பதியலைன்னா நிலம் கைக்கு வராதுங்கிற பயம். மனுஷனுக்கு வில்லங்கம் பார்க்கணும்னா மட்டும் டீக்கடைக்குத்தான் போகணும்.

இதுல நான் சொல்ல வர்ற ஒரே விஷயம்: உங்க கல்யாணத்தை நீங்க பதியறது உங்களுக்காக மட்டும் இல்லை. நாம எல்லாரும் பதிஞ்சாத்தான் கல்யாணம் ஆகாத ஒருத்தன் 'எனக்கு ஆகலை'ன்னு சொல்றதுக்கு மதிப்பு வரும்.

"ஐநூறு பேர் சாப்ட்டுட்டு போனாங்க, அதைவிட என்ன சாட்சி?"ன்னு கேக்கலாம். கல்யாணம் செல்லும்கிறதுக்கு அந்த ஐநூறு பேர் போதும். ஆனா கல்யாணம் ஆனவன் ஆகாதவன் மாதிரி இன்னொரு ஊர்ல வந்து நிக்கும்போது அந்த ஐநூறு பேரும் அங்கே இருக்க மாட்டாங்க. வெளிநாட்டு மாப்பிள்ளைன்னு நம்பிக் கட்டிக் கொடுத்து, அங்கே ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்குன்னு பிறகு தெரிஞ்ச வீடுகள் நம்ம பக்கத்துலயும் இருக்கு. அந்தப் பொண்ணுங்களுக்கு நடந்ததோட ஒப்பிட்டா என் நண்பனோட அலைச்சல் ஒண்ணுமே இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் கல்யாணத்தை 30 நாள்ல பதியணும்னு 2019-ல மாநிலங்களவையில ஒரு மசோதா வந்தது, சட்டமாகலை. 2024 பிப்ரவரியில சட்ட ஆணையம் 287-ஆவது அறிக்கையில இதுக்கு முழுமையான சட்டம் வேணும்னு சொல்லியிருக்கு.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. பதிவுன்னாலே நோட்டீஸ் போர்டுல பேரும் அட்ரஸும் ஒட்டுவாங்களே, சாதி மதம் மாறிக் கல்யாணம் பண்றவங்க கதி? 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல அந்த 30 நாள் நோட்டீஸ் ஆபத்தானதுதான், நம்ம மாநிலத்துல இதைத் தனியா விளக்கவே வேண்டாம். ஆனா 2009 சட்டத்துல பதியறது கல்யாணம் முடிஞ்ச பிறகு, அதுல முன் நோட்டீஸ் கிடையாது. நான் கேக்கிற வில்லங்கச் சான்றும் ஒருத்தர் தன் பேருக்குத் தானே வாங்கிக்கிற மாதிரி இருந்தா போதும். ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் தேடிப் பார்க்கிற மாதிரி வேண்டவே வேண்டாம்.

நம்மாளுங்களுக்கு மனசு இருந்தா மார்க்கமும் இருக்கு. 2022 ஜூலையில கன்னியாகுமரி மாவட்டத்துப் பொண்ணு ஒருத்தர், அமெரிக்கா திரும்பிட்ட மாப்பிள்ளையை வீடியோ வழியா கல்யாணம் பண்ணிக்க அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்குப் போனார். நோட்டீஸ் காலம் எல்லாம் முடிஞ்சும் அதிகாரி நடத்தி வைக்காததால மாப்பிள்ளை லீவு முடிஞ்சு கிளம்பிட்டார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் காணொளியில நடத்தி, பதிஞ்சு, சான்று குடுங்கன்னு உத்தரவு போட்டார். அவ்ளோ தூரம் யோசிக்க முடியுற நாட்டுல, எல்லா சார்பதிவாளர் ஆபீஸ் பதிவையும் ஒண்ணு சேர்த்து ஒரு 'பதிவு இல்லை' சான்று குடுக்க முடியாதா? நிலத்துக்குச் செஞ்சதுதானே.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம் மக்களே. கல்யாணம் ஆனவங்க 90 நாளுக்குள்ள பதிஞ்சுருங்க. ஆகாதவங்க இன்னிக்கே பிறப்புச் சான்றை எடுத்து அதுல உங்க பேர் இருக்கான்னு பாருங்க, பாஸ்போர்ட்ல இருக்கிற ஸ்பெல்லிங்தானான்னு பாருங்க. குழந்தை பிறந்தவங்க 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை'யோட விட்டுராதீங்க.

நண்பனுக்குப் பதினோரு மாசம் கழிச்சு விலக்கு கிடைச்சு, கல்யாணமும் முடிஞ்சது. இந்தப் பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தாங்க. டீக்கடை பாய் இன்னமும் தன்னோட சிபாரிசுலதான் பொண்ணு குடுத்தாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார். யோசிச்சுப் பார்த்தா, அவர் சொல்றதுல தப்பே இல்லை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. நாட்டுக்கு நாடு விதி வேற, இத்தாலிக்காரங்க கேக்கிற காகிதம் வேற, பிரிட்டன்காரங்க கேக்கிற காகிதம் வேற. கல்யாணத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்துலயும் நம்ம தூதரகத்துலயும் கேட்டுக்கங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் அதுக்கு அப்புறம் குடுங்க.