வருமானம் பூஜ்யம், ஆனாலும் நல்ல மாசம்

இந்த மாசம் ஆபீஸ் வேலைக்கு வெளியே மூணு விஷயம் பண்ணேன். ஒரு புத்தகம் படிச்சேன். அம்மாவோட பழைய வீட்டுக் கணக்கு நோட்டை எக்செல்ல ஏத்தினேன். வாரத்துக்கு ரெண்டு நாள் பென்சில் டிராயிங் பழகினேன். மூணுலயும் சேர்த்து வந்த வருமானம் பூஜ்யம்.

இதைச் சொன்னதும் ஃபிரண்ட்ஸ் கேட்ட முதல் கேள்வி: "டிராயிங்கை இன்ஸ்டால போட்டு வித்தா என்ன?" நல்ல எண்ணத்துலதான் கேட்கிறாங்க. ஆனா இந்த சைடு இன்கம் பேச்சு கூடிக் கூடி, சம்பாதிக்காத ஒவ்வொரு மணி நேரமும் வீண்னு 25 வயசுலயே நினைக்க ஆரம்பிச்சிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாவல் படிச்சாக்கூட குற்ற உணர்ச்சி வருது. இது சரியில்லைங்கிறது என் கருத்து. அதை என் தொழில் பாஷையிலேயே சொல்றேன்.

ஒரு கம்பெனி பல வருஷம் நேர்மையா நடந்து சம்பாதிச்ச நற்பெயருக்கு 'குட்வில்'னு பேரு. இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அதோட குட்வில்லுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குல காட்டலாம். தானே உருவாக்கின குட்வில்லை பேலன்ஸ் ஷீட்ல சொத்தா காட்டக்கூடாது. ஏஎஸ் 26 அப்படித்தான் சொல்லுது. நம்பகமா அளக்க முடியாதுங்கிறதுதான் காரணம். மதிப்பே இல்லைன்னு எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். நீங்க படிச்ச புத்தகம், பழகுற வீணை, மாடியில போட்ட தோட்டம் எல்லாம் இந்த வகைதான்.

நான் படிச்சது லூக்கா பச்சோலி பத்தி. 1494-ல வெனிஸ்ல அச்சான இவரோட கணிதப் புத்தகத்துலதான் இரட்டைப் பதிவு முறை விரிவா விளக்கப்பட்டது. 'கணக்கியலின் தந்தை'ன்னு சிஏ படிக்கிறப்போ ஒரு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ண பேரு. அவர் பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். மிலான்ல லியனார்டோ டா வின்சிக்கே கணிதம் சொல்லிக்கொடுத்திருக்கார். 1509-ல அச்சான அவரோட இன்னொரு புத்தகத்துக்கு, பல முகங்கள் கொண்ட கன வடிவங்களை வரைஞ்சு கொடுத்ததும் லியனார்டோதான். கணக்குக்கும் ஓவியத்துக்கும் நடுவுல நாம போட்ட சுவர் அவங்களுக்கு இல்லை. நான் பென்சிலைக் கையில எடுத்ததுக்கு அந்தப் படங்கள்தான் காரணம்.

அம்மாவோட நோட்டு 1994-ஆம் வருஷத்துது. பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம். நடுவுல 'வாரப் பத்திரிகை'ன்னு ஒரு வரி. கையைக் கடிச்ச மாசத்துல துணிமணி இல்லை, சினிமா இல்லை. அந்த வரி மட்டும் பன்னிரண்டு மாசமும் இருக்கு. பட்ஜெட் பத்தி நான் எடுத்த எந்த வீடியோவைவிடவும் அது தெளிவா இருந்துச்சு.

அதனால என் யோசனை இதுதான். எமர்ஜென்சி ஃபண்ட், இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் ஒதுக்கின பிறகு, கைக்கு வர்ற சம்பளத்துல 3% இதுக்கு வைங்க. 40,000 ரூபாய்க்கு 1,200. அதுக்குள்ள நில்லுங்க. போட்டோகிராபி ஆசைன்னா முதல் மூணு மாசம் கையில இருக்கிற ஃபோன்லயே எடுங்க. கேமராவை இஎம்ஐ-ல வாங்கிட்டா, அதைச் சம்பாதிக்க வைக்கணுங்கிற நெருக்கடி முதல் தவணையோடயே வந்துடும்.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கா? அதை முதல்ல அடைங்க. அதுவரைக்கும் நூலகம் இருக்கு. 1948-லயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்மளுது. வீட்டு வரியோட சேர்த்து நூலக வரியும் கட்டுறோம். சென்னையில கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூலகம், மதுரையில கலைஞர் நூலகம், மத்த ஊர்கள்ல மாவட்ட மைய நூலகம். காசு கட்டியாச்சு, போய் உட்காருங்க.

வீட்டுக் கடன், தங்கச்சி படிப்புன்னு நிஜமாவே கூடுதல் பணம் தேவைப்படுறவங்க இருக்கீங்க. தாராளமா சைடு இன்கம் தேடுங்க. ஆனா அதை இரண்டாவது வேலைன்னே சொல்லுங்க. வெளி வேலை செய்யலாமான்னு ஆஃபர் லெட்டரைப் பாருங்க. ஃப்ரீலான்ஸ் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாதுங்கிறதையும் ஞாபகம் வைங்க. ரசிச்சுப் பண்ற விஷயத்தை அந்த வேலைக்குள்ள இழுக்கணுமான்னு மட்டும் ஒரு தடவை யோசிங்க.

அடுத்த சம்பளம் வந்ததும் பட்ஜெட் ஷீட்ல ஒரு வரி சேருங்க. பேரு என்ன வேணா வைங்க. அதுக்கு எதிர்ல வருமானம்னு ஒரு கட்டம் போடாதீங்க.