பத்தியம் என்று சொல்லிப் பட்டினி போடாதீர்கள்



போன வாரம் நம் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் நோய். வயிறு நீர் கோத்துப் பானை மாதிரி இருக்கிறது, கைகள் குச்சியாகிவிட்டன. மதியம் அவருக்கு வந்தது உப்பில்லாத மோர்ச் சாதம். பருப்பு? "கல்லீரலுக்கு ஆகாது." முட்டை? "ஐயோ, காமாலைக்காரருக்கா!" இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லி. பிறகு காலை எட்டு மணி வரை ஒன்றுமில்லை.

வீட்டுப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். பத்து நாள் படுக்க வைத்திருந்த ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் வேளை, அளவு எல்லாம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரே வரி: "உப்பைக் குறைக்கவும்." அங்கே அடக்கிக்கொண்டு வந்த கோபத்தை இங்கே கொட்டுகிறேன்.

கணக்கு வாத்தியார் அல்லவா, போட்டுப் பார்த்தேன். சிரோசிஸ் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்று ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கோத்த நீரைக் கழித்தால் இவர் எடை 60 கிலோ. அப்படியானால் தினம் 72 முதல் 90 கிராம். இவருக்குக் கிடைப்பது, தாராளமாகப் போட்டாலும், 25-ஐத் தாண்டாது.

புரதம் கொடுத்தால் மூளை குழம்பும் என்ற பயம் டாக்டர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது. 2004-இல் பார்சிலோனாவில் அப்படிக் குழம்பிய நோயாளிகளையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். புரதத்தைக் குறைத்ததால் ஒரு நன்மையும் இல்லை, உடம்பின் சொந்தப் புரதம் கரைந்ததுதான் மிச்சம். அம்மோனியாவைக் கழிப்பதில் கல்லீரலுக்குக் கைகொடுப்பது தசை. அதையே கரைத்துவிட்டு மூளையைக் காப்பாற்றப் பார்க்கிறோம்!

இரவுப் பட்டினி இன்னும் மோசம். நல்ல கல்லீரல் இரவுக்கான சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். தழும்பேறிய கல்லீரலில் அந்தச் சேமிப்பு குறைவு. விடிவதற்குள் உடம்பு தசையில் கை வைத்துவிடும். அதனால்தான் படுக்கும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்கிறார்கள். ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் கொடுக்க என்ன கஷ்டம்?

சில வாரத்தில் தானே ஆறிவிடும் காமாலை என்றால் நம் பத்தியத்தை உடம்பு எப்படியோ தாங்கிக்கொள்ளும். வருஷக்கணக்கில் இருக்கிற நோய்க்கு அதையே நீட்டினால் ஆள் தாங்கமாட்டார். நீர் கோத்தவருக்கு உப்பு குறையத்தான் வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. ஆனால் உப்பே இல்லாமல் ஆக்கி, அவர் தட்டைத் தள்ளிவிட்டால் யாருக்கு லாபம்? வயிறு முட்டியிருப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு வேறு கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் எழுதித் தர ஒருவர் வேண்டும் என்கிறேன்.

என்னிடம் படித்து டாக்டரானவர்களே, உங்கள் வார்டில் டயட்டீஷியன் கட்டில் பக்கம் வந்து, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டு எழுதித் தருகிறாரா? இல்லையென்றால் ஏன் இல்லை? பதில் எனக்கு வேண்டும்.

கீழாநெல்லி பற்றிக் கமெண்ட் போட வரும் சித்தப்பாக்கள், நோயாளி நேற்று இரவு என்ன சாப்பிட்டார் என்று முதலில் கேட்டுவிட்டு வரவும்.