எந்த அறைக்கு எந்த வெளிச்சம்?

சென்ற இதழில் மின்பட்டியலை வாசிக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் தையல் செய்து குடும்பத்தைக் கொண்டுநடத்தும் சகோதரி ஒருவர் கேட்டார்: "அக்கா, பல்ப் வாங்கப் போனால் வெள்ளையா மஞ்சளா, எத்தனை வாட்ஸ் என்று கேட்கிறார்கள். என்ன சொல்லுறது?"

எம்மில் பலர் கடைக்காரர் எடுத்துத் தருவதையே வாங்கி வருகிறோம். அது அநேகமாகக் கண் கூசும் வெள்ளையாக இருக்கும். குசினிக்கும் அதுதான், படுக்கையறைக்கும் அதுதான்.

வாட்ஸ் என்பது பல்ப் எடுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தை லூமன் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பழைய 60 வாட்ஸ் குமிழ் தந்த சுமார் 800 லூமனை இன்று 9 வாட்ஸ் எல்.ஈ.டி. பல்ப் தருகிறது. பத்துக்குப் பத்து அடி அறையில் இருந்து பேச, சாப்பிட இது போதும். குசினிக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் 12 வாட்ஸ் அளவில் பாருங்கள். வயதான அம்மா கூட இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். இளவயதில் கண்ணுக்குள் செல்லும் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் அறுபது வயதில் உள்ளே செல்கிறது.

நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். 2700, 3000 என்றால் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 பகல் வெள்ளை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன பின், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்தோமே, அந்தச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். அந்த விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு மஞ்சள் ஒளி என்றாலே இல்லாமையின் ஒளிதான். வெள்ளை பல்பைத் தேடி வாங்குவதன் காரணம் எனக்கு விளங்குகிறது.

தையலுக்கு வெள்ளை நல்லதுதான். மஞ்சள் ஒளியில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முகட்டு லைட்டை மட்டும் நம்பாதீர்கள். மெசின் சுவரோரம் இருக்கும், லைட் அறையின் நடுவில் இருக்கும். நீங்கள் குனிந்ததும் உங்கள் நிழலே ஊசியில் விழும். முகட்டில் பெரிய பல்ப் போட்டாலும் நிழல் போகாது. இடது கைப்பக்கம், முன்னால், 5 வாட்ஸ் வெள்ளை பல்போடு ஒரு மேசை லாம்பு வையுங்கள்.

இனிப் படுக்கையறை. இருட்டில் நித்திரை கொள்ள முடியாத சகோதரிகள் பலரை எனக்குத் தெரியும். 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் கதவு தட்டி எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டவர்களும், வன்னியில் பங்கருக்குள் இரவுகளைக் கழித்தவர்களும் லைட்டை அணைக்கப் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இருட்டுக்குப் பழகிக்கொள்" என்று அவர்களுக்குப் புத்தி சொல்வதை நான் ஏற்பதில்லை. லைட் எரியட்டும். ஆனால் தலைக்குமேல் 6500 வெள்ளை எரிந்தால், பகல் முடியவில்லை என்று உடம்பு எண்ணி, நித்திரைக்குரிய சுரப்பைக் குறைத்துவிடும். 3 வாட்ஸ் மஞ்சள் பல்ப் ஒன்றை, கண்ணில் நேரே படாதபடி, நிலத்துக்குக் கிட்ட வையுங்கள். திடுக்கிட்டு விழித்தாலும் கதவும் பிள்ளைகளின் முகமும் தெரியவேண்டும், அவ்வளவுதான். இரவுக்கு 8 மணித்தியாலம் எரித்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிற் ஆகாது. 9 வாட்ஸ் என்றால் இரண்டு யூனிற்றுக்குச் சற்றுக் கூட.

ஒரே அறை அனெக்ஸில் தையல், படிப்பு, படுக்கை எல்லாம் நடந்தால்? சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வெள்ளை, நடுத்தரம், மஞ்சள் என்று நிறம் மாறும் பல்புகள் விற்பனைக்கு உண்டு. விலை சற்றுக் கூட என்றாலும் இப்படியான வீட்டுக்கு அதையே சொல்வேன். வாடகை வீட்டு முகட்டை வெட்டிப் பதிக்கும் லைட்டுகளில் காசைப் போடாதீர்கள். இருக்கிற ஹோல்டருக்குப் பொருந்தும் பல்பாக வாங்கினால் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஹோல்டர் பின் வகையா, திருகு வகையா என்று முதலே பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்துக்குத் திகதி போட்டு முத்திரை குத்தியும் வாங்குங்கள்.